127 நாள் மட்டுமே ஓடிய புரோநோட்டு: சிங்கப்பூர் போனவரிடம் கடன் வசூலான கதை

அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து முதலில் எடுத்து, வக்கீலான என் மேசையில் வைத்தது புரோநோட்டு அல்ல, ஒரு மொய் விருந்து அழைப்பிதழ். 2022 ஆடி மாதம் நடந்த விருந்து. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து ஆட்களுக்கு மொய் விருந்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறிச்சோறு ஆக்கி, ஊரையே அழைத்து மொய் வாங்குவார்கள். எழுதுகிற ஒவ்வொரு ரூபாயும் நோட்டில் ஏறும். அவரவர் விருந்து வைக்கும்போது கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும்.

"நானும் போயி ஆயிரம் ரூபா மொய் எழுதிட்டு வந்தேன் தம்பி. பந்தல்ல எதிர்ல நின்னு, 'வாங்க அத்தை, சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டான். என் காசப் பத்தி ஒரு பேச்சு இல்ல."

ஆறரை லட்ச ரூபாய் கொடுத்துவிட்டு நான்கு வருடமாகக் காத்திருப்பவர். கடனாளி இவர் கணவரின் தங்கை மகன். கணவர் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து இறந்தவர். அவர் பேரில் வந்த பணத்திலிருந்து நான்கு லட்சத்தை வங்கி வழியாக அனுப்பியிருக்கிறார். மிச்சம் இரண்டரை லட்சத்துக்குக் கூட்டுறவு வங்கியில் தன் நகையை வைத்து ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார். 11.06.2018 தேதியில் மொத்தத்துக்கும் ஒரு புரோநோட்டு, கேட்டவுடன் திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்ட கடன் சீட்டு. ஒரு ரூபாய் வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். மாதம் 6,500. பையன் செப்டம்பர் 2ஆம் தேதி சிங்கப்பூருக்கு விமானம் ஏறினான். 2018 ஜூலையிலிருந்து 2020 ஜனவரி வரை 19 மாத வட்டி ஒழுங்காக வந்திருக்கிறது. கொரோனா வந்தது, வட்டி நின்றது. கொரோனா போயிற்று, வட்டி திரும்பவில்லை.

என்னிடம் வருவதற்கு முன் அவர் போகாத இடமில்லை. காவல் நிலையத்தில் மனு ரசீது கொடுத்து, "இது சிவில் மேட்டர்மா" என்று அனுப்பிவிட்டார்கள். கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு சுற்றிச் சுற்றி அதே காவல் நிலையத்துக்கே வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டை முடக்கிவிடலாம், விமான நிலையத்தில் பிடித்துவிடலாம் என்று யாரோ ஆசை காட்டி ஐயாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். கைமாற்றுக் கடனைத் திருப்பவில்லை என்பதற்காக யாருடைய பாஸ்போர்ட்டையும் முடக்க முடியாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடிக் குற்றம். 19 மாதம் வட்டி கட்டியவன் மீது அதைச் சொல்வது கடினம். இந்த விஷயத்தில் காவல் நிலையம் சொன்னது சரி. அதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடைசியாக அவர் பார்த்த ஒருவர், அவரும் வக்கீல்தான், புரோநோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு வருஷம் முடிஞ்சுபோச்சு, இது வெறும் காகிதம்" என்று கையில் கொடுத்திருக்கிறார்.

அந்த வாக்கியம்தான் என்னை இந்த வழக்கை எடுக்க வைத்தது.

நாள் எண்ணிய கதை

கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம் காலவரம்பு, அதாவது அதற்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கில் 11.06.2021இல் முடிந்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் அந்த வக்கீல் சொன்னதில் பிழையில்லை. ஆனால் 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தில் 15ஆவது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சுருக்கமான வாசகம்: பிரதிவாதி இந்தியாவில் இல்லாத காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. விமானத்தில் போய்த் திரும்பும் இந்தக் காலத்தில் வக்கீல்களே இதை மறந்துவிடுகிறார்கள். நம் பக்கத்தில் பாதி வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்க, இந்தப் பிரிவு மட்டும் அலமாரியில் தூங்குகிறது.

நாட்காட்டியை எடுத்து வைத்து இருவரும் எண்ணினோம். புரோநோட்டு எழுதியதிலிருந்து விமானம் ஏறும் வரை 83 நாள். 2020 பொங்கலுக்கு வந்திருந்தான். எத்தனை நாள்? அந்த அம்மாவுக்குத் தேதி தெரியாது. ஆனால் அவன் வந்த அன்று மாடு கன்று போட்டது, அவன் போன மறுநாள் குலதெய்வம் கோயிலில் கிடாவெட்டு என்று சொன்னார். கிடாவெட்டுத் தேதி கோயில் அழைப்பிதழில் இருந்தது, கன்றுக்குட்டியின் தேதி பால் சொசைட்டி நோட்டில் இருந்தது. 18 நாள். மொய் விருந்துக்கு வந்தது 26 நாள். ஆக அவன் இந்த மண்ணில் இருந்தது 127 நாள். 1,095 நாள் ஓட வேண்டிய புரோநோட்டுக்கு ஓடியிருந்தது நான்கு மாதம் சொச்சம்.

இது போதாதென்று கொரோனாக் காலக் கழிவும் உண்டு. 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான காலத்தை உச்ச நீதிமன்றம் எல்லா வழக்குகளுக்கும் காலவரம்பிலிருந்து விலக்கியது. அதை எப்படிக் கணக்கிடுவது, மிச்ச நாள் முழுதும் கிடைக்குமா, 90 நாள்தானா என்று எதிர்த்தரப்பு வாதாடும். வாதாட இடமில்லாத ஒன்று கையில் இருக்கும்போது வாதத்துக்கு இடம் தருவதை ஏன் முன்னால் வைக்க வேண்டும்? 15(5)ஐ முன்னே வைத்தேன், கொரோனாவைப் பின்னால் வைத்தேன். வங்கி வழியாக வட்டி கட்டியதும் காலவரம்பைப் புதுப்பிக்கும்தான். ஆனால் 19ஆவது பிரிவு, கட்டியவரின் கையெழுத்திலோ அவர் கையொப்பத்திலோ ஒரு ஒப்புகை கேட்கிறது. பையனின் அப்பா கணக்கிலிருந்து வந்த பணத்துக்கு அதைக் காட்டுவது சிக்கல். விட்டுவிட்டேன்.

அவன் வெளிநாட்டில்தான் இருந்தான் என்பதை நிரூபிக்க வேண்டியது நாங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவுகள் இருந்தன, "அத்தை, இங்க ஓவர்டைம் இல்ல, அடுத்த மாசம் கண்டிப்பா" என்கிற மாதிரி. பார்ப்போம் என்று வைத்துக்கொண்டேன். கடைசியில் அந்த நிரூபணத்தை அவர்களே முத்திரை குத்திக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கே துரத்துவது

"சிங்கப்பூர்லயே கேஸ் போடலாமா தம்பி?" என்று கேட்டார். போடலாம். அங்கே சிறு வழக்குத் தீர்ப்பாயம் என்று எளிய ஒன்று இருக்கிறது, ஆனால் பொருள் விற்பனை, சேவை, வீட்டு வாடகை போன்றவற்றுக்கு. கைமாற்றுக் கடன் அதில் வராது. மற்ற நீதிமன்றம் என்றால் அங்கே வக்கீல் வைக்க வேண்டும். அவர் பேசும் முதல் தொகையே நம் வட்டியை விழுங்கிவிடும். இங்கே வாங்கிய தீர்ப்பை அங்கே கொண்டுபோகவும் சட்ட வழி இருக்கிறது. ஆனால் கொண்டுபோய் எதைப் பிடிப்பது? வேலைப் பாஸில் தங்கும் விடுதியில் படுக்கிற ஆளுக்கு அங்கே கட்டிலும் தகரப் பெட்டியும்தான் சொத்து. பாஸ் முடிந்தால் அடுத்த மாதம் துபாயில் இருப்பான்.

துபாய் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அமீரகத்தை 2020 ஜனவரியில் மத்திய அரசு பரஸ்பர நாடாக அறிவித்ததை வைத்து, "இனிமே துபாய்ல இருக்கவன்கிட்ட ஈசியா வாங்கிடலாம்" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது எதிர்த்திசை. அங்கே வங்கிக் கடன் வாங்கிவிட்டு இங்கே ஓடிவந்தவரின் மீது, அங்கத்திய தீர்ப்பை இங்கே நிறைவேற்றுவதற்கான அறிவிப்பு அது. நம் தீர்ப்பை அங்கே கொண்டுபோக 1999 ஒப்பந்தம் என்று வேறு பாதை. அமெரிக்கா என்றால் அதுவும் இல்லை, அங்கே புதிதாக வழக்குத்தான்.

இங்கே வழக்குப் போட அவன் இங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பணம் கைமாறியதும் புரோநோட்டு எழுதியதும் இந்த ஊரில் என்றால், வழக்குக்கான காரணம் எழுந்தது இந்த ஊரில். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 20ஆவது பிரிவு போதும். எனவே நான் அந்த அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அவன் பேர்ல இங்க என்ன இருக்கு?"

அவன் லண்டனில் இருந்தாலும் சரி, லால்குடியில் இருந்தாலும் சரி, இந்தக் கேள்விதான். கிங்ஃபிஷர் கடனில் விஜய் மல்லையா 2016 மார்ச்சில் லண்டன் போனார். வங்கிகள் அங்கே சொத்து முடக்க ஆணை வாங்கின, 2021 ஜூலையில் திவால் உத்தரவும் வாங்கின. ஆனால் பெரும் பணம் வந்தது இங்கே அவர் விட்டுப்போன பங்குகளை விற்றதில். 14,131.6 கோடி ரூபாய் பொதுத்துறை வங்கிகளுக்குத் திரும்பியது என்று நிதியமைச்சர் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆள் இன்னும் அங்கேதான்.

நம் ஆளுக்குப் பங்கு இல்லை, மனை இருந்தது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் அப்பா, சித்தப்பா பேரில் பொதுப்பட்டா. நடுவில் ஒரு பதிவு: 2021 மார்ச், 1,800 சதுர அடி, கிரயம், பையன் பேரில். வட்டி நின்ற பதினான்காவது மாதம் வாங்கிய மனை. அந்த அம்மா பிரதியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் கேட்டார்.

நான் செய்த தப்பு

இந்த இடத்தில் உடனே வழக்குப் போட்டிருக்க வேண்டும். சொந்தக்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்ப்போம் என்றார்கள். அந்த அம்மாவும் "எங்க அண்ணனை கோர்ட்டுக்கு இழுக்கணுமா" என்று தயங்கினார். பையனின் அப்பாவைத்தான் அண்ணன் என்கிறார், கணவரின் தங்கை புருஷன். பேச்சு இரண்டு மாதம் ஓடியது. தீபாவளி கழியட்டும், கார்த்திகை கழியட்டும். டிசம்பரில் நான் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன்.

புரோநோட்டு வழக்குக்கு நோட்டீஸ் கட்டாயம் இல்லை. பழக்க தோஷம். நோட்டீஸில் மனையின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டது அதைவிடப் பெரிய தப்பு. பயமுறுத்துகிறோம் என்று நினைத்து எச்சரிக்கை மணி அடித்துவிட்டேன். பதில் நோட்டீஸ் வரவில்லை. மூன்றாவது வாரம் அந்த அம்மா போனில் ஒரு படம் அனுப்பினார். மனையின் முள்வேலியில் ஒரு தகரப் பலகை, சிவப்புப் பெயின்டில்: "இந்த மனை விற்பனைக்கு. தரகர் வேண்டாம்." கீழே அப்பாவின் போன் எண்.

என் தப்பே எனக்கு ஆதாரமாகவும் ஆனது என்பதுதான் வேடிக்கை. தீர்ப்புக்கு முன்பே ஒருவர் சொத்தை ஜப்தி செய்யக் கேட்பது சாதாரண விஷயமல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 38ஆம் கட்டளை 5ஆவது விதி. கடன் இருக்கிறது என்று சொன்னால் போதாது, தீர்ப்பு நிறைவேறாமல் தடுக்கும் எண்ணத்தோடு சொத்தைக் கைமாற்றப் போகிறார் என்று காட்ட வேண்டும். ராமன் டெக் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகவே சொல்லிவிட்டது, ஈடு இல்லாத கடனை ஈடுள்ள கடனாக மாற்றும் கருவியல்ல இது என்று. அந்தப் பலகையின் படம், எடுத்த தேதியோடு, நோட்டீஸ் கிடைத்த அஞ்சல் ஒப்புகையோடு பக்கத்தில் வைத்தால் 20 நாள் இடைவெளி தானே பேசும்.

27.02.2023 அன்று வழக்குத் தாக்கலானது. அசல் 6,50,000. 36 மாத வட்டி 2,34,000. மொத்தம் 8,84,000. தமிழ்நாட்டில் 2017க்கு முன் நீதிமன்றக் கட்டணம் ஏழரை சதவீதம். இப்போது மூன்று. 26,520 ரூபாய். பழைய விகிதமாக இருந்தால் அறுபத்தாறாயிரம் ஆகியிருக்கும், அந்த அம்மா படியிறங்கிப் போயிருப்பார்.

இடைக்கால மனு விசாரணையில் நீதிபதி கேட்டார்: "கடன் வாங்கினவர் தன் மனையை விற்கக் கூடாதா? விற்று உங்களுக்கே கொடுக்கலாமே?" நியாயமான கேள்வி. "ஐயா, வாங்கிய மனைக்கு இரண்டு வருடமாக வேலி மட்டும்தான் போட்டார். நோட்டீஸ் கண்ட பிறகுதான் பலகை போட்டார். ஆள் நாட்டில் இல்லை. இந்த மனை போனால் தீர்ப்பை நிறைவேற்ற இந்தியாவில் அவர் பேரில் வேறு ஒன்றும் இல்லை" என்றேன். பிணையம் கொடு அல்லது காரணம் சொல் என்று உத்தரவு, அதுவரை நிபந்தனை ஜப்தி.

ஜப்தி நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஜப்தியைத் தண்டோரா போட்டு அறிவிக்க வேண்டும், உத்தரவை மனையில் ஒட்ட வேண்டும் என்று சட்டத்தில் இன்னும் இருக்கிறது. நீதிமன்ற ஊழியரான அமீனா வந்தார். மனையில் சுவர் இல்லை, ஒட்ட இடமில்லை. ஒரு வேப்பங்கன்று நின்றது. அதில் ஒட்டினால் காற்றில் போய்விடும் என்று, அந்த "விற்பனைக்கு" பலகையின் மேலேயே பசை தடவி ஒட்டினார். பக்கத்துத் தெருவிலிருந்து கூட்டிவந்தவர் தப்பட்டையில் நான்கு தட்டுத் தட்டினார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "யாரு வீட்டு சாவு?" என்று கேட்டார். உத்தரவு நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து வில்லங்கத்தில் ஏற்றினோம். இதைச் செய்யாமல் ஜப்தி ஆணையைக் கோப்பில் வைத்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்திக்குப் பின் விற்றால் அது நமக்கு எதிராகச் செல்லாதுதான், 64ஆவது பிரிவு. ஆனால் விற்ற பிறகு வாங்கியவரோடு பத்து வருடம் மல்லுக்கட்டுவதைவிட, வாங்க வருகிறவர் வில்லங்கம் பார்த்துத் திரும்பிப்போவது மேல்.

சிங்கப்பூர் பெட்டி

அடுத்தது சம்மன். முகவரி இல்லை. அப்பாவிடம் கேட்டால் "சிங்கப்பூரு" என்பார், அவ்வளவுதான். அந்த அம்மா யோசித்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு அட்டைப் பெட்டியோடு திரும்பினார். 2019இல் அவன் கார்கோவில் அனுப்பிய பெட்டி. கோடாலித் தைலம், மைலோ, இரண்டு கைலி வந்ததாம். பெட்டியில் இப்போது உளுந்து வைத்திருந்தார். பக்கவாட்டில் ஒட்டிய சீட்டில் அனுப்புநர் முகவரி, தெரு, தபால் குறியீடு எல்லாம் தெளிவாக.

வெளிநாட்டில் இருக்கும் பிரதிவாதிக்கு அஞ்சல், கூரியர், மின்னஞ்சல் வழியாகச் சம்மன் அனுப்ப 5ஆம் கட்டளை 25ஆவது விதி அனுமதிக்கிறது. சம்மன் சார்வு, அதாவது வெளிநாட்டில் இருப்பவரிடம் சம்மனைச் சேர்ப்பிப்பது பற்றிய ஹேக் ஒப்பந்தம் சிங்கப்பூரில் 2023 டிசம்பர் முதல் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. நாங்கள் அதற்கு முன்னால். இப்போது போடுகிறவர்கள் அந்த வழியைப் பார்க்க வேண்டும், டெல்லி சட்ட அமைச்சகம் வழியாகப் போகும், மாதங்கள் ஆகும். நாங்கள் சர்வதேசத் தபாலில் அனுப்பினோம். "இந்த முகவரியில் இல்லை" என்று திரும்பி வந்தது. மாற்றுச் சார்வுக்கு, அதாவது பத்திரிகை விளம்பரத்துக்கும் வீட்டுக் கதவில் ஒட்டவும் மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

மனு தேவைப்படவில்லை. அடுத்த வாய்தாவில் அப்பா வக்கீலோடு வந்து நின்றார். மனைக்கு அட்வான்ஸ் கொடுக்க வந்தவர் வில்லங்கத்தைப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாராம். சம்மனால் முடியாததை ஜப்தி செய்தது.

அப்பா மகனுக்காக நிற்க வேண்டுமென்றால் அதிகாரப் பத்திரம் வேண்டும். மகன் சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, முத்திரை வாங்கி அனுப்பியிருந்தான். இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தி நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். நகல் வாங்கிப் படித்தேன். இரண்டாவது பத்தி: "நான் 2018ஆம் வருடம் செப்டம்பர் மாதம் முதல் சிங்கப்பூரில் வேலை பார்த்து வருவதால், இந்தியாவில் உள்ள என் காரியங்களை நேரில் கவனிக்க இயலாத காரணத்தால்..." மேலே அவனுடைய இப்போதைய முகவரி, பாஸ்போர்ட் எண். கீழே அசோகச் சின்னத்தோடு தூதரக முத்திரை. பத்திரம் எழுதித் தந்தவருக்கு 15(5) தெரிந்திருந்தால் அந்தப் பத்தியை வேறு மாதிரி எழுதியிருப்பார். வாட்ஸ்அப் குரல் பதிவுகளை நான் தாக்கல் செய்யவே இல்லை.

எதிருரையும் குறுக்கு விசாரணையும்

ஆகஸ்டில் எதிருரை, அதாவது எங்கள் வழக்குக்கு அவர்களின் எழுத்துப் பதில் வந்தது. முதல் பாட்டு: காலாவதி. இரண்டாவது: சீட்டுக்குப் பிணையாக வெற்றுப் புரோநோட்டில் போட்ட கையெழுத்து. மூன்றாவது: வாதி உரிமம் இல்லாமல் கந்துவட்டிக்கு விடுகிறவர். நான்காவது: இரண்டரை லட்சம் ரொக்கம் வாங்கவே இல்லை, இருபதாயிரத்துக்கு மேல் ரொக்கக் கடன் வருமானவரிச் சட்டப்படி கூடாது.

கடைசியிலிருந்து வருகிறேன். 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவில் அப்படி இருந்தது உண்மை. ஆனால் அபராதம் வாங்கியவருக்கு. வாங்கியவரே அதைச் சொல்லிக் கடனிலிருந்து தப்ப முடியாது. ரொக்கத்துக்கு ஆதாரமாகக் கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் சீட்டு இருந்தது, புரோநோட்டுக்குச் சில நாள் முந்தைய தேதியில் 2,50,000. ஆயுளில் ஒரே ஒரு முறை சொந்தக்காரருக்கு, அதுவும் நூற்றுக்கு ஒரு ரூபாயில் கொடுத்தவர் வட்டித் தொழில் செய்கிறவர் ஆகமாட்டார். வெற்றுப் புரோநோட்டு என்பது எல்லா எதிருரையிலும் அச்சடித்தாற்போல வரும் வரி. கையெழுத்தை ஒப்புக்கொண்டால் கடன் கைமாறியதாகவே நீதிமன்றம் அனுமானிக்கும், மாற்று முறை ஆவணச் சட்டம் 118ஆவது பிரிவு. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள்.

புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருந்தது, கையெழுத்து அதன் மேல் பாதி ஏறியிருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன். கிரயப் பத்திரத்தில் முத்திரை குறைந்தால் அபராதம் கட்டி உயிர் கொடுக்கலாம். ஸ்டாம்பு இல்லாத புரோநோட்டை எதைக் கட்டியும் சாட்சியத்தில் ஏற்ற முடியாது.

மகன் சாட்சிக் கூண்டுக்கு வரவில்லை. தூதரக அதிகாரி முன்னால் உட்கார்ந்து காணொலியில் சாட்சி சொல்ல இப்போது விதி இருக்கிறது, அதையும் கேட்கவில்லை. அப்பாதான் அதிகாரம் பெற்றவராக ஏறினார். மகனுக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அதிகாரம் பெற்றவர் சாட்சியாகச் சொல்ல முடியாது என்று ஜான்கி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் 2004லேயே தீர்ப்பாகிவிட்டது. ஆனால் இவர் வாயில் சொல்ல வேண்டிய ஒன்று இவருக்கே தெரியும். புரோநோட்டை நீட்டி, அதில் சாட்சிகள் கையெழுத்துப் போட்ட இடத்தைக் காட்டினேன்.

"சாட்சி நம்பர் ஒண்ணு. இந்தக் கையெழுத்து யாருது?"

நீண்ட நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னுது மாதிரி இருக்கு."

"மாதிரியா, உங்களுதா?"

"என்னுதுதான்."

"நீங்க கையெழுத்துப் போடும்போது தொகை எழுதியிருந்துச்சா?"

பதில் சொல்லவில்லை. கூண்டுக்குக் கீழே முதல் பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தார். பிறகு, "இருந்துச்சு" என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் கோப்பை மூடும் சத்தம் கேட்டது.

அன்று மாலை அவர்கள் பக்கத்திலிருந்து சமாதானப் பேச்சு வந்தது. கணக்குப் பார்த்தால் அன்றைய தேதிக்கு வட்டியோடு பத்து லட்சம் தாண்டியிருந்தது. ஒன்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது என்றேன் நான். அந்த அம்மா எட்டேகாலுக்கு ஒப்புக்கொண்டார். "அண்ணன் பொய் சொல்லாம எறங்குனாருல்ல தம்பி" என்றார். வக்கீலாக எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கட்சிக்காரர் பணம், கட்சிக்காரர் முடிவு.

2024 செப்டம்பர் மக்கள் நீதிமன்றத்தில் முடித்தோம். அன்றே மூன்றே கால் லட்சம், பிறகு இரண்டரை லட்சமாக இரண்டு தவணை. நான் விட்டுக்கொடுக்காதது ஒரு வாசகத்தை: கடைசித் தவணை வரவாகும் வரை ஜப்தி நீடிக்கும், ஒரு தவணை தவறினாலும் வழக்குத் தொகை முழுதும் வட்டியோடு உடனே வசூலிக்கத் தக்கது. எதிர்த்தரப்பு முதல் தவணையோடு ஜப்தியைத் தூக்கச் சொன்னது. ஜப்தி போய்விட்டால் மிச்சம் ஐந்து லட்சமும் மறுபடி "அடுத்த மாசம் கண்டிப்பா" ஆகிவிடும். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது, நீதிமன்றக் கட்டணமும் முழுதாகத் திரும்பும். 26,520 ரூபாய் வந்தபோது அந்த அம்மா அதை நம்பவில்லை.

இரண்டாம் தவணை 2025 ஜனவரியில் வந்தது. மூன்றாவது ஏப்ரலில், சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் தாமதமாக. அந்த ஒன்பது நாளும் தினமும் எனக்கு போன். வரவான மறுநாள் ஜப்தியை நீக்க மனுப் போட்டு, உத்தரவு நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தோம். வேலியில் அந்தப் பலகை இன்னும் தொங்கியது. எங்கள் உத்தரவு வெயிலில் வெளுத்து உரிந்து, அடியில் சிவப்புப் பெயின்டில் "விற்பனைக்கு" மட்டும் தெரிந்தது.

கோப்பை முடித்துக் கொடுக்கும்போது அந்த அம்மா கையில் ஒரு புது அழைப்பிதழ் வைத்திருந்தார். அவர் வீட்டு மொய் விருந்து, வருகிற ஆடியில். எனக்கொன்று கொடுத்தார். இன்னொன்றில் அண்ணன் பேர் எழுதியிருந்தது.

"கடன் முடிஞ்சது தம்பி. ஆனா அன்னைக்கு நான் எழுதுன ஆயிரம் மொய் நோட்டுல நிக்குதுல்ல. அத அவன் கூட்டித்தானே செய்யணும்?"